மார்க்கோ போலோ பாண்டிய நாட்டில் கண்ட வழக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்க்கோ போலோ தமிழகத்துக்கு எப்போது, எந்த வழியாக வந்தார்?

வெனிஸ் நகரத்து வணிகக் குடும்பத்தில் 1254-இல் பிறந்த மார்க்கோ போலோ, 1271-இல் தம் தந்தையோடும் தந்தையின் உடன்பிறந்தவரோடும் கீழை நாடுகளுக்குப் புறப்பட்டார். மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் சீனத்தில் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னன் அர்கூனுக்கு மணப்பெண்ணாக அனுப்பப்பட்ட இளவரசி ஒருத்திக்கு வழித்துணையாக, 14 கப்பல்களுடன் கடல்வழியே திரும்பினார். சுமத்திராவில் ஐந்து மாதம் காற்றுக்காகக் காத்திருந்த பிறகு, நிக்கோபார், இலங்கை ஆகியவற்றைக் கடந்து அவர் சோழமண்டலக் கரைக்கு வந்தது 1292, 1293 வாக்கில் என்று கொள்ளலாம். அப்போது மதுரையில் முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்தான்.

அவர் கப்பல் ஏறிய சீனத் துறைமுகமான சயித்தூன், அதாவது இன்றைய சுவான்சோவில், 1281-இல் தமிழ் வணிகர்கள் ஒரு சிவன் கோயிலை எழுப்பியிருந்தனர். அதன் தமிழ்க் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. போலோ அக்கோயிலைக் குறிப்பிடவில்லை. ஆனால் தமிழரின் கப்பல்களும் மொழியும் அவர் புறப்பட்ட கரையிலேயே இருந்தன என்பதை நினைவில் கொண்டு அவர் எழுத்தைப் படிக்க வேண்டும்.

அவர் சொல்லும் ‘மாபார்’ என்பது எந்த நாடு?

‘மாபார்’ என்ற அரபுச் சொல்லுக்குக் கடந்து செல்லும் இடம், கடவு என்று பொருள். இலங்கையிலிருந்து கடலைக் கடந்தால் வரும் கரை என்ற கருத்தில் அரபு மாலுமிகள் அப்படி அழைத்தனர். மலபார் என்ற பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. போலோ மாபாரை உலகின் சிறந்த நாடுகளுள் ஒன்று என்கிறார். ஐந்து உடன்பிறந்த மன்னர்கள் அதை ஆள்வதாகவும், அவர்களுள் ஒருவன் பெயர் ‘சொந்தர் பந்தி தவர்’ என்றும் எழுதுகிறார். சுந்தர பாண்டிய தேவர் என்ற பெயர் ஒரு வெனிஸ்காரரின் காதில் விழுந்து, சிறையில் இன்னொருவர் கையால் எழுதப்பட்டு, பல படிகளைத் தாண்டி நம்மிடம் வந்த வடிவம் அது. பாண்டிய நாட்டில் ஒரே காலத்தில் பலர் மன்னர் பட்டத்தோடு ஆண்டதைக் கல்வெட்டுகளும் காட்டுகின்றன. ‘பஞ்ச பாண்டியர்’ என்ற பேச்சும் நம்மிடையே உண்டு.

அவர் எழுதியதை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஊர் திரும்பிய பின் ஜெனோவாவின் சிறையில் இருந்தபோது, உடனிருந்த ருஸ்திகெல்லோ என்ற கதையாசிரியரிடம் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூல் அது. மூலப்படி கிடைக்கவில்லை, ஏறத்தாழ 150 கையெழுத்துப் படிகள் உள்ளன, அவை ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப்போவதில்லை. என் வாசிப்பில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மக்கள் கையாலும் வாயாலும் செய்வதைப் பார்த்து அவர் சொல்லும்போது பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார். ஏன் செய்கிறார்கள் என்று காரணம் கூறத் தொடங்கும்போதுதான் தடுமாறுகிறார். கீழே வரும் விடைகளை அந்த அளவுகோலைக் கொண்டே எழுதியிருக்கிறேன்.

நாம் அண்ணாந்து தண்ணீர் குடிப்பதை அவர் குறித்திருக்கிறார் என்பது உண்மையா?

உண்மை. இந்நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குவளை வைத்திருப்பர், பிறர் குவளையில் குடிக்கமாட்டார்கள், குவளையை உதட்டில் வைக்காமல் உயர்த்திப் பிடித்து வாய்க்குள் ஊற்றிக்கொள்வர் என்று அவர் எழுதுகிறார். வெளியூரான் ஒருவன் குவளை இல்லாமல் வந்து தண்ணீர் கேட்டால், அவன் இரு கைகளையும் குவித்து ஏந்த, அதில் ஊற்றுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். சாப்பிடுவது வலக்கையால் மட்டுமே. தூய்மையற்ற வேலைகளுக்கு இடக்கை. நாளுக்கு இருமுறை குளிக்காதவரை இவர்கள் மதிப்பதில்லை.

‘எச்சில்’ என்ற சொல்லை அவர் அறிந்திருக்கவில்லை. அந்த ஒரு சொல் தெரிந்திருந்தால் இந்தப் பத்தி முழுவதையும் அதில் அடக்கியிருப்பார். சொம்பில் வாய் வைத்துவிட்ட குழந்தையை ‘எச்சில் பண்ணாதே, தூக்கிக் குடி’ என்று வீட்டில் அதட்டாத பாட்டி உண்டா? தண்ணீர் ஒரு மெல்லிய கோடாக இறங்க, தொண்டை மட்டும் அசைய, மூச்சை அடக்கி விழுங்கும் அந்தக் காட்சியை எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அயலான் வியந்து பார்த்து நின்றிருக்கிறான். அதே நேரத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: கையில் ஊற்றிய அந்தத் தண்ணீருக்குள் தூய்மை உணர்வோடு தீட்டு என்ற கருத்தும் கலந்திருந்தது. வழிப்போக்கனுக்கு உபசாரமாகத் தோன்றிய அதே செயல், உள்ளூரில் சிலருக்குத் தம்மை ஒதுக்கி நிறுத்தும் செயலாக இருந்தது. போலோ தம் கைகளில் ஏந்தியதை மட்டுமே பார்த்தார்.

கடன்காரனைச் சுற்றி வட்டம் கிழிப்பது என்ன வழக்கம்?

அவருடைய குறிப்புகளில் மிகவும் புகழ்பெற்றது இதுதான். கடன் வாங்கியவன் பலமுறை கேட்டும் தராமல் நாளைக் கடத்திக்கொண்டே போனால், கடன் கொடுத்தவன் சமயம் பார்த்து அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கிழித்துவிடுவான். பணத்தைக் கட்டும்வரை, அல்லது ஏற்கத்தக்க பிணை கொடுக்கும்வரை, கடன்பட்டவன் அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அரசனுடைய நீதியை மீறியவனாகி, மரண தண்டனைக்கு உரியவனாவான்.

இதைத் தாமே நேரில் கண்டதாக போலோ சொல்கிறார், அதுவும் மன்னனிடமே. அயல்நாட்டு வணிகர் ஒருவருக்கு மன்னன் பணம் தரவேண்டியிருந்தது. பலமுறை கேட்டும் தவணை சொல்லிக்கொண்டே வந்தான். ஒருநாள் மன்னன் குதிரைமீது ஊருக்குள் சென்றுகொண்டிருந்தபோது, அவ்வணிகர் குதிரையோடு சேர்த்து அவனைச் சுற்றி வட்டம் கிழித்துவிட்டார். மன்னன் கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நிறுத்தினான். வணிகருக்குரிய தொகை முழுவதும் வந்து சேரும்வரை ஓர் அடியும் நகரவில்லை. சுற்றி நின்ற மக்கள், நீதியை விதித்தவனே அதற்குக் கட்டுப்பட்டான் என்று வியந்து போற்றினர்.

கேட்டவுடன் கதை போலத் தோன்றும். ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டுக்கு வந்த இத்தாலியப் பயணி வர்த்தேமாவும் கையில் பச்சைக் கிளையுடன் கடன்காரனைச் சுற்றி வட்டம் கிழிக்கும் வழக்கத்தை விவரித்திருப்பதால், தென்னாட்டுத் துறைமுகங்களில் இது நடைமுறையில் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அறிமுகமில்லாத வணிகர்கள் நாள்தோறும் வந்து போகும் ஊரில், கடனை வசூலிக்கக் காவலரும் சிறையும் தேவைப்படாத, எல்லோர் கண்முன்னும் நடக்கும் ஒரு முறை வேண்டியிருந்தது. அந்த வட்டத்துக்கு வலிமை கொடுத்தது சுற்றி நிற்கும் ஊராரின் பார்வைதான். ‘கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான்’ என்று இன்றும் நாம் சொல்கிறோம். அத்தொடர் இவ்வழக்கத்திலிருந்து வந்தது என்று கூறச் சான்றில்லை என்றாலும், இந்தப் பத்தியைப் படிக்கும்போது அது நினைவுக்கு வராமல் போவதில்லை.

பிணை நிற்பதைப் பற்றி அவர் கூறும் இன்னொரு செய்தியும் சுவையானது. மது அருந்துபவனையும் கடலோடியையும் பிணையாக ஏற்கமாட்டார்களாம். கடலில் போகிறவன் உயிரை வெறுத்தவன், அவன் சொல்லை நம்ப முடியாது என்பது காரணமாம். கடல் வணிகத்தால் செழித்த நாட்டில் கடலில் போகிறவனுக்கே இந்த மதிப்புதான் இருந்திருக்கிறது.

மன்னனும் தரையில்தான் உட்காருவானா?

ஆம் என்கிறார். ஏன் உயர்ந்த ஆசனத்தில் அமர்வதில்லை என்று கேட்டதற்கு, மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே திரும்புவோம், எனவே மண்ணில் அமர்வதே பெருமை, அதை யாரும் இழிவாகக் கருதக் கூடாது என்று விடை சொன்னார்களாம். காரணம் சொல்லும் இடங்களில் அவர் தடுமாறுவார் என்றேன். இங்கே காரணம் அவருடையது அன்று, கேட்டு வாங்கியது. அதனால்தான் அதில் நம் ஊர்ப் பேச்சின் ஒலி இருக்கிறது.

நாட்டில் தையற்காரரே இல்லை என்று அவர் சொன்னது சரியா?

சரியன்று. வெயில் காரணமாக எல்லோரும் இடுப்பில் ஒரு துணியோடு இருப்பதால் தைப்பதற்கு வேலையே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சைப் பெரிய கோயிலில் ஊதியம் பெற்ற பணியாளர் பட்டியலில் தையான்களும் இருக்கின்றனர்.

மன்னனின் உடை பற்றிய பகுதி இதைவிட நம்பத்தக்கது. அவனும் மற்றவர்போல் இடுப்பில் துணி மட்டுமே உடுத்தியிருந்தான். ஆனால் கழுத்திலும் கைகளிலும் கால்களிலும் கால்விரல்களிலும் அணிந்திருந்த பொன்னும் மணியும் ஒரு நகரத்தின் விலை பெறும் என்கிறார். மார்பில் தொங்கிய பட்டுக் கயிற்றில் 104 பெரிய முத்துகளும் மாணிக்கங்களும் கோக்கப்பட்டிருந்தன. நாள்தோறும் ‘பக்கௌத்தா, பக்கௌத்தா’ என்று 104 முறை வேண்டுதல் செய்வதற்காக அது. ‘பகவத’ என்பதன் திரிபு அச்சொல் என்பர். எண்ணிக்கை 108 என்றிருந்திருக்க வேண்டும். சொல்லும்போதோ படியெடுக்கும்போதோ நான்கு மணிகள் உதிர்ந்துவிட்டன.

முத்துக்குளிப்பைப் பற்றி என்ன சொல்கிறார்?

வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து படகுகளை அமர்த்தி, ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதிவரை மன்னார் வளைகுடாவில் சலாபம், அதாவது பருவகால முத்துக்குளிப்பு, நடத்துவதை அவர் விரிவாக எழுதுகிறார். குளிப்பவர்கள் நான்கு பாகம் முதல் பன்னிரண்டு பாகம் வரை (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி) ஆழத்தில் இறங்கி, மூச்சு தாங்கும் அளவும் இருந்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் சிப்பிகளைச் சேர்த்துக்கொண்டு மேலே வருவார்கள். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு. இருபதில் ஒரு பங்கு சுறாக்களை மந்திரத்தால் கட்டும் பிராமணர்களுக்கு. அம்மந்திரம் பகலுக்கு மட்டுமே. இரவில் அதை அவிழ்த்துவிடுவார்கள். யாரும் திருட்டுத்தனமாக இறங்கிக் குளிக்கக் கூடாது என்பதற்காக.

சுறாவுக்கு மந்திரம் கேட்குமா என்று ஆராய்வதைவிட, அந்த மந்திரம் குளிப்பவனுக்கு என்ன செய்தது என்று கேட்பது பயனுள்ளது. ‘கடல்கட்டி’ என்று தமிழில் அழைக்கப்பட்ட இந்த மந்திரக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசு நடத்திய சலாபங்களிலும் இருந்தார்கள். அவர்கள் கரையில் நிற்காவிட்டால் குளிப்பவர்கள் கடலில் இறங்க மறுத்தார்கள் என்பதே காரணம்.

முத்து ஏற்றிய படகுகள் கரைக்கு வரும் வேளையைப் பற்றி அவர் தரும் ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. பதின்மூன்று வயதான பையன்களை, இருபது அல்லது இருபத்துநான்கு சிறு காசுகளைக் கையில் கொடுத்து, இனி நீயே சம்பாதித்துக்கொள் என்று வீட்டார் அனுப்பிவிடுவார்களாம். அவர்கள் நாள் முழுவதும் வாங்குவதும் விற்பதுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். சலாபக் காலத்தில் படகு வந்ததும் துறைக்கு ஓடி, குளிப்பவர்களிடம் தம் காசுக்கு ஏற்றபடி நாலைந்து முத்து வாங்கி, வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள் இருக்கும் பெருவணிகர்களிடம் கொண்டுபோய்க் காட்டி, சிறு லாபம் வைத்து விற்றுவிடுவார்கள். வந்த பணத்தில் அரிசியும் மற்றப் பண்டங்களும் வாங்கித் தாயிடம் கொடுப்பார்கள். தாய் சமைத்துப் போடுவாள், ஆனால் தந்தையின் செலவில் அவர்கள் உண்பதில்லை. உள்ளங்கையில் முத்தை வைத்துக்கொண்டு வெயிலில் ஓடிய அந்தப் பையன்களுள் ஒருவன் பெயரையும் எந்தக் கல்வெட்டும் சொல்லாது.

அரபுக் குதிரைகள் ஏன் இங்கே இறந்துகொண்டே இருந்தன?

மன்னன் ஆண்டுக்கு 2000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினான், அவன் உடன்பிறந்தாரும் அப்படியே வாங்கினர், ஆண்டு முடிவில் அவனிடம் நூறு குதிரைகூட மிஞ்சுவதில்லை என்கிறார் போலோ. ஹோர்முஸ், கிஷ், தோபார், ஏடன் முதலிய பாரசீக, அரபுத் துறைகளிலிருந்து வந்த அக்குதிரைகள் ஒவ்வொன்றின் விலையும் 100 மார்க் வெள்ளிக்கு மேல். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை, சோற்றோடு இறைச்சியைச் சமைத்து அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்தனர், இலாபம் குறையுமென்று வணிகர்கள் குதிரை மருத்துவரை இந்நாட்டுக்கு வரவிடவில்லை என்று அவர் காரணங்களை அடுக்குகிறார்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இதே வணிகத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறார். கிஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்புவது என்றும், ஒவ்வொன்றுக்கும் 220 தினார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் பணம் தருவது என்றும் ஒப்பந்தம் இருந்தது. ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவரான தக்கியுத்தீன் பாண்டியனின் அமைச்சராகவும் காயல் முதலிய துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் இருந்தார். விற்பவர் குடும்பமே வாங்கும் அரசின் துறைமுகத்தையும் பார்த்துக்கொண்டது என்றால், முத்தும் பொன்னும் எந்தத் திசையில் ஓடின என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஈரமும் வெப்பமும் மிக்க இக்கரை பாலைநிலக் குதிரைக்கு ஏற்றதன்று என்பது உண்மைதான். ஆயினும் தீனியைப் பற்றிய ஏளனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த வாணிபக் கணக்கை விட்டுவிடுவது பிழை. குதிரை வாங்கக் கொண்டுபோன அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்ட மாணிக்கவாசகரின் கதையும், நரியைப் பரியாக்கிய திருவிளையாடலும் இதே கரையில் பிறந்தவை என்பதும் தற்செயலன்று.

உடன்பிறந்த மன்னர்கள் சண்டையிடாமல் இருந்தது எப்படி?

அவர்கள் போருக்கு எழும்போதெல்லாம் தாய் குறுக்கே வந்து, கையில் கத்தியுடன், உங்களுக்குப் பாலூட்டிய இந்த மார்பை அறுத்தெறிவேன் என்று சொல்லித் தடுத்துவிடுவாளாம். அவள் இறந்தபின் ஒருவரையொருவர் அழிப்பார்கள் என்றும் போலோ எழுதினார். புறநானூற்றில், மகன் புறமுதுகு காட்டினான் என்று கேட்ட முதியவள், அது உண்மையாயின் அவன் உண்ட முலையை அறுத்திடுவேன் என்று வஞ்சினம் கூறுகிறாள். அங்கே போருக்கு அனுப்பிய சூளுரை இங்கே போரைத் தடுக்கிறது. 1310 வாக்கில் குலசேகரனின் மக்களான சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக மோதிக்கொள்ள, 1311-இல் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது. தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோவின் கணக்குப்படி அப்படை கொண்டுபோனவற்றுள் 512 யானைகளும் 5000 குதிரைகளும் அடங்கும்.

மன்னனுக்காக உயிர்விடும் வீரரைப் பற்றிய செய்தி உண்மையா?

மன்னன் இறந்தால் அவனுடைய மெய்க்காவலர் அவன் சிதையில் பாய்ந்து இறப்பர் என்கிறார். ‘தென்னவன் ஆபத்துதவிகள்’ எனப் பாண்டியரிடமும், ‘வேளைக்காரர்’ எனச் சோழரிடமும் இருந்த உயிர்க்காவல் படைகளை அறிந்தவருக்கு இது புதிதன்று. மரண தண்டனை பெற்றவன், தெய்வத்துக்காகத் தானே உயிர்விட விரும்பினால், உறவினர் அவனை நாற்காலியில் ஏற்றிப் பன்னிரண்டு கத்திகளைக் கொடுத்து ஊர்வலம் கொண்டுபோவர் என்றும் எழுதுகிறார். தன் கழுத்தில் தானே வாளை வைத்து நிற்கும் நவகண்டச் சிற்பங்கள் தமிழகத்தில் பல ஊர்களில் இருக்கின்றன.

குழந்தைகளைக் கறுப்பாக்க எண்ணெய் தேய்த்தார்களா?

இங்கேதான் அவருடைய கண்ணும் காரணமும் பிரிகின்றன. வாரந்தோறும் குழந்தைக்கு நல்லெண்ணெய் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறார். அதை நிறத்தைக் கறுப்பாக்கும் முயற்சி என்று புரிந்துகொண்டார். உடல்நலத்துக்கான எண்ணெய்க் குளியல் அது. ஆனால் அதே இடத்தில், இவர்கள் தம் தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டுகிறார்கள், கறுத்தவரே இங்கே மதிப்புக்குரியவர் என்கிறார். எண்ணெய்ப் பூச்சால் மின்னும் கருங்கல் திருமேனிகளின் முன் நின்ற ஓர் ஐரோப்பியரின் சொல் அது. வெளுப்பதற்குக் களிம்பு தேடும் இன்றைய வீடுகளில் இந்தப் பத்தியை உரக்கப் படித்துக்காட்டலாம்.

இராகு காலம் பற்றியும் எழுதியிருக்கிறாரா?

ஒவ்வொரு கிழமையிலும் ‘சொயாச்’ என்ற ஒரு தீய வேளை உண்டு, அப்போது எந்தக் கொடுக்கல் வாங்கலும் செய்யமாட்டார்கள், அவ்வேளை கிழமைதோறும் மாறும் என்கிறார். பஞ்சாங்கத்தில் உள்ள ‘தியாஜ்யம்’ என்ற சொல்லின் சிதைவாக இதைக் கருதுவர். அவர் தரும் நேரங்கள் இன்றைய இராகு காலப் பட்டியலோடு முழுதும் பொருந்தவில்லை. வெற்றிலையை அவர் ‘தம்புல்’ என்கிறார். தாம்பூலம் என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஒருவனை அவமதிக்க வேண்டுமானால் மென்ற வெற்றிலைச் சாற்றை அவன் முகத்தில் துப்புவதும், துப்பப்பட்டவன் மன்னனிடம் போய் வாளும் கேடயமும் ஏந்திப் போரிட அனுமதி கேட்பதும் காயலில் வழக்கம் என்கிறார்.

வெளிப்படையான பிழைகள் உண்டா?

ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாபாரில் மழை பெய்யும் என்கிறார். சோழமண்டலக் கரைக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகை. மேற்குக் கரையின் பருவத்தை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

அவர் பார்த்த காயல் இப்போது எங்கே?

ஏடனிலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் குதிரைகளோடு வந்த கப்பல்களெல்லாம் தங்கிய ‘காயில்’, தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் இருந்தது. காயல்பட்டினமே அது என்பாரும் உண்டு. கால்டுவெல் அதைப் பழையகாயல் என்று கண்டார். ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் பின்வாங்கி, துறைமுகம் உள்நாட்டு ஊராகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்கே நடந்தபோது தரையெங்கும் ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. அவற்றிடையே பல நிறங்களில் சீனப் பீங்கானும் அரபு நாட்டுக் கலங்களின் சில்லுகளும் இருந்தன. நினைத்திருந்தால் ஒரு வண்டி நிறையப் பொறுக்கியிருக்கலாம் என்று அவர் எழுதிவைத்தார்.